கடைசி ரீல் வந்து சேரவில்லை

செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, அந்த இங்கிலீஷ் நாடகத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, ஆபரேட்டர் மாமா கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் அவர் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததே பெரிய விஷயம். பிறகு கிளாஸைக் கீழே வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"ஒருத்தன் பேச முடியாமப் படுத்துக் கெடக்கான். இன்னொருத்தன் பக்கத்துல உக்காந்து வாய் ஓயாமப் பேசிக்கிட்டே இருக்கான். இதப் போயி நாடகம்னு டிவியில போடுறானே வெள்ளக்காரன்? எங்க வீட்டுக்கு வந்திருந்தா செலவில்லாம எடுத்திருக்கலாமே மாப்ள."

மாமா கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷம் டூரிங் டாக்கீஸ்களில் கார்பன் குச்சி மாற்றியவர். பதினாறு வயதில் எடுபிடியாகப் போய், ஆபரேட்டராகி, கொட்டகைகள் எல்லாம் கல்யாண மண்டபமும் தீப்பெட்டி ஆபீஸும் ஆகிற வரைக்கும் இருந்தவர். சினிமா விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, லண்டன் பிரிவி கவுன்சிலுக்கே போனாலும் சரி. (அந்தப் பிரிவி கவுன்சில் பின்னால் வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நாடகத்தின் பெயர் 'ஸ்டான்'. நீல் பிராண்ட் என்பவர் 2004-இல் வானொலிக்கு எழுதி, 2006-இல் பிபிசி தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. 1957. லாரல்-ஹார்டி ஜோடியில் குண்டர் ஹார்டி பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார். ஒல்லி லாரல் அவரைப் பார்க்க வருகிறார். இத்தனை வருஷம் கட்டளை போட்டவர் ஹார்டி, திட்டு வாங்கித் தலையைச் சொறிந்தவர் லாரல். இப்போது கட்டளை போட்டவருக்கு வாய் இல்லை. தலையைச் சொறிந்தவர்தான் பேசியாக வேண்டும். கதை அவ்வளவுதான்.

நம் சேனல்காரர்கள் எடுத்திருந்தால் லாரல் வாசற்படியில் கால் வைப்பதையே மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டி, ஒவ்வொரு தடவையும் இடி இடிக்க விட்டிருப்பார்கள். ஹார்டி கண் திறக்க நாலு வாரம். அதற்குள் சமையல்கட்டில் ஒரு சித்தி கஷாயத்தில் எதையோ கலக்கியிருப்பாள்.

உண்மையில் நடந்தது இதைவிடச் சுருக்கம். 1957 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஹார்டி போய்ச் சேர்ந்தார், வயது 65. உடம்புக்கு முடியாத லாரல் அடக்கத்துக்கே போகவில்லை. இனி தனியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். ஆனால் செத்துப்போன கூட்டாளிக்கும் தனக்குமாகப் புதுப்புது காமெடி எழுதுவதை மட்டும் விடவில்லை. எட்டு வருஷம், 1965-இல் தானும் போகிற வரைக்கும்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஹார்டி போய் இருபத்து மூன்றாவது நாள், அதே ஆகஸ்ட் 30-ஆம் தேதி, மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நம் சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கண்ணை மூடினார். எமன் அந்த மாதம் ஜோடி உடைக்கிற வேலையை மட்டும் மொத்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தான் போல. அங்கே மிஞ்சியது லாரல். இங்கே மிஞ்சியது கிருஷ்ணனின் மனைவியும் காமெடி ஜோடியுமான டி.ஏ.மதுரம். லாரலுக்கு நாடகம் வந்துவிட்டது. மதுரத்துக்கு?

"எடுப்போம். நீ எழுது, நான் ஓட்டுறேன்" என்றார் மாமா. ஓட்டுவதற்கு மெஷின்தான் இல்லை.

முதலில் உள்ளூர் உரிமையை நிலைநாட்ட வேண்டும். பாரதிக்கு எட்டயபுரம், கி.ராஜநாராயணனுக்கும் கு.அழகிரிசாமிக்கும் இடைசெவல், கடலைமிட்டாய்க்கு 2020-இல் வாங்கிய புவிசார் குறியீடு என்று இத்தனையைக் கையில் வைத்திருக்கிற கரிசல்காரனுக்கு, நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரை இந்தப் பக்கம் இழுத்துப் போடுவது பெரிய வேலையா? மாமா இரண்டு ஆதாரம் வைத்திருக்கிறார். ஒன்று, அந்தக் காலத்தில் நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. திருநெல்வேலியிலிருந்து தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1981-இல். ஆகவே கிருஷ்ணன் திருநெல்வேலி வந்து மெட்ராஸ் ரயில் பிடித்திருந்தால், கோவில்பட்டி ஸ்டேஷனைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. இறங்கினாரா என்று கேட்டேன். "ராத்திரி வண்டி. தூங்கியிருப்பாரு." இரண்டு, கிருஷ்ணன் சேர்ந்தது டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கம்பெனி. அந்தச் சகோதரர்களுக்குச் சின்ன வயதில் பாடம் சொன்னவர் சங்கரதாஸ் சுவாமிகள். சுவாமிகளுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. ஆக, நம்ம பக்கத்து ஊர்க்காரர் அடித்து வளர்த்த பையன்களிடம் கலைவாணர் சம்பளம் வாங்கியிருக்கிறார். போதாதா?

போதும். எபிசோடு ஒன்று, பூனா. 1936-இல் 'வசந்தசேனா' படப்பிடிப்பு, டைரக்டர் ராஜா சாண்டோ. அங்கேதான் கிருஷ்ணன் மதுரத்தைப் பார்க்கிறார், அங்கேயே கல்யாணமும் ஆகிறது. மாப்பிள்ளைக்கு ஊரில் ஏற்கெனவே நாகம்மாள் என்று ஒரு சம்சாரம் இருக்கிற விஷயத்தை மாப்பிள்ளை மறந்துவிட்டார் என்றும், பெண்ணுக்கு அது பின்னால்தான் தெரிந்தது என்றும் அன்றிலிருந்து எல்லோரும் சொல்லி வருகிறார்கள். ஊரையெல்லாம் பகுத்தறிவு பேசிச் சிரிக்க வைத்த மனுஷன், சொந்தக் கல்யாணத்தில் காட்டிய பகுத்தறிவு இவ்வளவுதான். போகப்போக மதுரத்தின் தங்கை வேம்புவும் அதே வீட்டுக்கு வந்தார். மெகா தொடர் எழுதுகிறவர்கள் கற்பனை பண்ணவே வேண்டாம், அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் மேடையில், திரையில், மதுரம் வாங்கின கடனை வட்டியோடு தீர்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் காமெடியை மறுபடி பாருங்கள். கிருஷ்ணன் ஒரு யோசனையோடு வருவார். மதுரம் இடுப்பில் கை வைத்து ஒரு கேள்வி கேட்பார். யோசனை காலி. புருஷனை நாலு பேர் முன்னால் மடக்குகிற பெண்ணை அந்தக் காலத்துத் தரை டிக்கெட் கைதட்டி ரசித்திருக்கிறது. எங்கள் ஆச்சி அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் தாத்தாவிடம் இடுப்பில் கை வைத்தே பேசினாள் என்பது குடும்பச் சரித்திரம்.

தொழில் ரகசியம் ஒன்று இதில் இருக்கிறது. தங்கள் பகுதியை அவர்களே எழுதி, அவர்களே ஒத்திகை பார்த்து, புளிமூட்டை ராமசாமி போன்ற சொந்தக் கோஷ்டியோடு நடித்துக் கொடுத்துவிடுவார்கள். மூலக் கதை புராணமாக இருக்கும், ராஜா கதையாக இருக்கும். அதற்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ரயில் பெட்டி மாதிரி. எந்த வண்டியிலும் கோத்துவிடலாம். இந்த உண்மையைச் சினிமா ஆராய்ச்சியாளர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவர் எங்கள் மாமா. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இடைவேளைக்கு முன்னால் கொலை வந்தாக வேண்டும். வந்தது. 1944 நவம்பர் 8-ஆம் தேதி, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த 'இந்து நேசன்' லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றுப் பிழைத்தவர். குத்துப்பட்ட மனுஷன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, முதலில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் போனார். எழுதிப் பிழைப்பவனின் முன்னெச்சரிக்கை! மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

விதியின் குசும்பைப் பாருங்கள். பாகவதரும் கலைவாணரும் மதுரமும் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்குத்தான் வெளிவந்திருந்தது. மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். திரையில் ஆள் பாடுகிறார், ஆடுகிறார், சிரிக்க வைக்கிறார். ஆள் இருப்பதோ கம்பிக்குப் பின்னால். "ஜெயில்ல இருக்கிறவன் படத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுனது நம்ம நாடுதான் மாப்ள" என்று மாமா பெருமைப்பட்டுக்கொள்வார்.

அந்த இரண்டரை வருஷத்தை இந்தத் தொடரில் மதுரத்துக்கே எழுதிக் கொடுக்கலாம். கேஸ் ஹைகோர்ட்டில் தோற்று, லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய்த் திரும்பி வந்தது. கப்பலேறிப் போகிற கேஸுக்குக் காசு காற்றில் வராது. எஸ்.வி.சகஸ்ரநாமம் பக்கத்தில் நிற்க, புருஷன் பெயரில் நாடக சபா நடத்தினார் மதுரம். அதில் போட்ட 'பைத்தியக்காரன்' படமும் ஆனது. ஜோடியில் பாதி உள்ளே இருக்கும்போது மறுபாதி கடையைத் திறந்து வைத்திருந்தது. இங்கிலாந்தில் பிறந்த லாரலுக்கு அவர் நாட்டுக்காரர்கள் நாடகம் எடுத்தார்கள். நம் ஜோடிக்கு இங்கிலாந்து செய்த உபகாரம், கேஸை மறுபடி விசாரி என்று அனுப்பி வைத்தது. 1947 ஏப்ரல் 25-ஆம் தேதி விடுதலை. வெளியே வந்த கிருஷ்ணன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஏறக்குறைய முடிந்திருந்த 'பைத்தியக்கார'னில் தனக்கும் சில காட்சிகளைச் செருகியது. சொன்னேனே, ரயில் பெட்டி.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தெரிந்த கதைதான். கலைவாணர் பட்டம், 'சந்திரலேகா', அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் கிந்தனார் காலட்சேபம், ரஷ்யப் பயணம், கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துக் கை காய்ந்தது. கொடை வள்ளல் கதைகளை நான் வேகமாகத் தாண்டுகிறேன். ஒவ்வொரு மேடையிலும் அவை ஒரு சுற்றுப் பருத்து வருகின்றன. கர்ணனே கொஞ்சம் கடன் கேட்டு வந்து நிற்கிற கட்டத்துக்கு இன்னும் இரண்டு நினைவு நாள்தான் பாக்கி. கொடுத்தவரின் படம்தான் எல்லா மேடையிலும் மாட்டியிருக்கும். மாதக் கடைசியில் அரிசிப்பானையைத் தட்டிப் பார்த்தது யார் கை என்று ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

பிரியாவிடைக் காட்சிக்கு வருவோம். இங்கேதான் மாமாவுக்கும் எனக்கும் தகராறு. நான் ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் மதுரம், பிபிசி மாதிரி அமைதியாக என்று ஆரம்பித்தேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "வயசான ஜோடின்னு சொன்னே. அந்தாளுக்கு 48. மதுரம் அதைவிடச் சின்னது. மேக்கப்புல நரைமுடி வைக்கப் போறியா?" உண்மைதான். மதுரத்துக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. பதினேழு வருஷம் தனியாக இருந்து 1974-இல் போனார். நடுவில் 1969 ஜனவரி 14-ஆம் தேதி, தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறக்க முதலமைச்சர் அண்ணா நோயோடு வந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. மூன்று வாரத்தில் அவரும் போய்விட்டார். சிலை இன்றைக்கும் நிற்கிறது, தனியாக. இடுப்பில் கை வைத்து மடக்க எதிரில் ஆள் இல்லாததால் அது ஒன்றும் பேசுவதும் இல்லை.

"அதுவும் போக, அவரு எங்க மாப்ள செத்தாரு?" என்றார் மாமா.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மெட்ராஸில் 1957-இல் செத்திருக்கலாம். கரிசல்காட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து, மழை பெய்கிற மாதிரிக் கோடு விழுந்த பிறகுதான் பிரிண்ட் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வரும். போதாக்குறைக்கு, அவர் நடித்து வைத்த 'ராஜா தேசிங்கு' வெளிவந்ததே 1960-இல். பேப்பர் படிக்கிற வாத்தியார் ஒருவர் "பாவம், போயிட்டாரு" என்று சொல்ல, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்த எங்கள் ஆச்சி திரையைக் காட்டி, "இந்தா நிக்காருல்ல, யாரு போனா? சும்மா கெடய்யா" என்று அதட்டினாளாம்.

கலைவாணரின் ஆயுளை மாமா தன் பங்குக்கு நீட்டித்தும் வைத்தார். ஏதோ ஒரு படத்திலிருந்து உதிர்ந்த கலைவாணர்-மதுரம் காமெடித் துண்டு ஒன்று அவரிடம் தகர டப்பாவில் இருந்தது. ஒரே புரொஜெக்டர், நாலு இடைவேளை விடுகிற கொட்டகை. படம் படுத்துவிட்டது, பெஞ்சு டிக்கெட் எழுந்து போகிறது என்று தெரிந்தால், அடுத்த ரீலின் தலையில் அந்தத் துண்டை ஒட்டி ஓட்டிவிடுவார். பக்திப் படமோ, கத்திச் சண்டைப் படமோ, நடுவில் இரண்டு பேர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். ஏன் வந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை வேறு ஹீரோ வேறு ஊரில் அழுதுகொண்டிருக்கும்போது இவர்கள் வந்துவிட்டார்கள். கொட்டகை சிரித்தது. ஹீரோ தொடர்ந்து அழுதார். இன்னும் பலமாகச் சிரித்தது. விஷயம் முதலாளி காதுக்குப் போய், மாமாவுக்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள்.

"அந்தத் துண்டு எங்கே மாமா?"

"உங்க அத்தைகிட்டக் கேளு."

கேட்டோம். டப்பாவில் மிளகாய் வத்தல் இருந்தது. பிலிமை அத்தை எப்போதோ பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டாளாம். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, பிலிம் துண்டை நடுவில் பிடித்து, வேட்டித் திரையில் படம் காட்டுவோமே, அதற்கு. சொன்னதும் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. தெருவில் அந்தத் துண்டுகளுக்கு ஒரு விலை இருந்தது. வாள் பிடித்த கதாநாயகன் இரண்டு கோலிக்குண்டு. குதிரை மூன்று. கலைவாணரும் மதுரமும் ஒரே கட்டத்தில் இருந்தால் நாலு. தனித்தனியாக விழுந்த துண்டை யாரும் வாங்கமாட்டார்கள். சும்மா கொடுத்தால் வைத்துக்கொள்வார்கள்.