வீரசோழன் தண்ணீர் கொடுத்த வம்சம்

தமிழ்நாட்டுக் குடும்ப வரலாறுகளை ஒரு மேசையில் அடுக்கி வரிசையாகப் படித்தால், ராஜராஜ சோழன் படையில் சிப்பாய் என்று ஒருவர்கூட இருந்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வருவோம். அத்தனை பேரும் தளபதிகள். தளபதி இல்லையென்றால் மந்திரி. மந்திரியும் இல்லையென்றால், பெரிய கோயிலுக்குக் கல் சுமந்தவர்களுக்குச் சோறு போட்டவர். கல்லைச் சுமந்தவருக்கு மட்டும் இன்றுவரை வாரிசு அகப்படவில்லை. இவை எல்லாம் கட்டுக்கதை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகை வராது. என் கட்சி வேறு. இந்தக் கதைகளில் பல முழுப் பொய் அல்ல. ஏதோ ஒரு தலைமுறையில், ஆற்றின் பெயரை ஆள் பெயராகக் காதில் வாங்கிக்கொண்டதில் முளைத்தவையாக இருக்கலாம். அதனால் பரம்பரையைத் தேடிக் கிளம்புகிறவர் ராஜாவிடம் போவதற்கு முன்னால் பழைய வரைபடத்தில் ஓடுகிற தண்ணீரிடம் போக வேண்டும்.

காவிரி டெல்டாவின் படத்தை எடுத்துப் பாருங்கள். கும்பகோணத்துக்குக் கிழக்கே, மயிலாடுதுறைப் பக்கமாக ஒரு ஆறு ஓடுகிறது, பெயர் வீரசோழன். இன்னொன்று முடிகொண்டான், அது முதலாம் ராஜேந்திரனின் பட்டப்பெயர். திருச்சி ஊருக்குள்ளேயே ஓடும் வாய்க்காலின் பெயர் உய்யக்கொண்டான். அது ராஜராஜனின் பட்டம். விக்கிரமன் உண்டு, கீர்த்திமான் உண்டு. காளமேகப் புலவர் கதைகளில் வந்து மாட்டிக்கொள்ளும் திருமலைராயனுக்கும் அங்கே ஒரு ஆறு இருக்கிறது. இனி அந்தக் கரையில் வாழ்ந்த ஒரு பாட்டி, “நம்ம குடும்பத்துக்கு வீரசோழன்தான் தண்ணி கொடுத்தான்” என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அதைக் கேட்ட பேரன் பட்டணத்தில் வேலைக்குப் போய், ஆற்றை மறந்து, அரசனை மட்டும் ஞாபகம் வைத்திருப்பான். அவன் பேரன் காலத்தில் தண்ணீர் மானியமாகிவிடும், மானியம் செப்பேடாகிவிடும், செப்பேடு 1924 வெள்ளத்தில் போய்விடும். பாண்டவையாற்றங்கரைக்காரர்கள் பஞ்சபாண்டவர் வரைக்கும் போகாமல் இருப்பது அவர்களுடைய தன்னடக்கம். அரிச்சந்திரா நதிக்கரைக்காரர்கள் சொல்லும் வரலாற்றை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிடலாம்.

ஆட்களை விட்டுவிட்டு ஆற்றை ஏன் பிடிக்க வேண்டும்? நம் வழக்கப்படி தாத்தா பெயர் பேரனுக்குப் போகிறது. நாலு தலைமுறைக்கு இரண்டே பெயர். சுப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் சுப்பையா. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது எந்தச் சுப்பையா என்று கண்டுபிடிப்பதற்குள் ஆராய்ச்சியாளரே தாத்தாவாகிவிடுவார். பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை, எழுதியிருக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். “ராமசாமி வகையறா நஞ்சைக்கு மேற்கு, சுப்பையா வகையறா நஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு” என்ற தினுசில் போகும். அண்ணன், தம்பி, சித்தப்பா, சித்தப்பாவோடு பேசாத பெரியப்பா எல்லாரும் ‘வகையறா’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டார்கள். வாய்க்காலுக்கு மட்டும் வகையறா கிடையாது. அது முழுப்பெயரோடு, தெற்கு எல்லையில், தன் பாட்டுக்குக் கிடக்கிறது. இது பத்திர எழுத்தரின் விசித்திரப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். உத்திரமேரூர் என்றதும் நமக்குக் குடவோலைத் தேர்தல்தான் ஞாபகம் வரும். அந்த ஊர்க் கல்வெட்டுகளில் நிலத்தைக் குறிக்கும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம் என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். ஆயிரம் வருஷமாக நம் நிலத்துக்கு விலாசம் வாய்க்கால்தான். கதவு எண்ணெல்லாம் நேற்று வந்தது.

தண்ணீர்ப் பெயருக்கு இன்னொரு குணம் உண்டு: காகிதத்தின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். கல்லணையிலிருந்து பிரிந்து தஞ்சாவூர் வழியாகத் தெற்கே போகும் கல்லணைக் கால்வாய், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. ஜனங்கள் அதற்குப் புது ஆறு என்று பெயர் வைத்தார்கள். தொண்ணூறு வயதாகியும் அது இன்னும் புது ஆறுதான். மூத்த மருமகளை எழுபது வயதிலும் ‘புதுப்பொண்ணு’ என்று கூப்பிடும் வீடுகள் இருக்கின்றன அல்லவா, அதுபோல. ஆகவே முப்பாட்டனார் காலத்து நகல் என்று யாராவது பயபக்தியோடு நீட்டும் தாளில், வடக்கெல்லை புது ஆறு என்று இருந்தால், முப்பாட்டனாரைச் சந்தேகிக்க வேண்டாம். தாளைச் சந்தேகித்தால் போதும். சென்னைப் பக்கம் இதே வேலையைப் பக்கிங்காம் கால்வாய் செய்யும். 1806-இல் எண்ணூர் வரை வெட்டப்பட்டபோது அது காக்ரேன் கால்வாய். தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். 1878-இல் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஏறியது. கால்வாய்க்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதைக் கொண்டே தேதி கிழிந்துபோன படத்துக்கு ஜாதகம் கணிக்கலாம்.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். ஒரே பெயரில் பல ஆறு இருக்கிறதே, அப்போது என்ன செய்வீர் என்பார். நியாயம். வெள்ளாறு என்று பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கும் ஒன்று உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் ஓடும் ஒன்றும் உண்டு. மணிமுத்தாறு விருத்தாசலத்திலும் இருக்கிறது, திருநெல்வேலியிலும் இருக்கிறது. பாம்பாறுகளை எண்ணுவது பாம்புகளை எண்ணுவதுபோல. இது போதாதென்று வெள்ளைக்காரர்களின் எழுத்து வேறு. கொள்ளிடத்தைக் கோலரூன் ஆக்கிய கையிடம் சின்னஞ்சிறு வாய்க்கால் என்ன பாடு பட்டிருக்கும்! ஆங்கில எழுத்தில் வெண்ணாறு, வெட்டாறு, வெள்ளாறு மூன்றுக்கும் இடையே வித்தியாசம் நடுவில் நிற்கும் இரண்டு எழுத்துதான். மை கொஞ்சம் பரவியிருந்தால் தஞ்சாவூர்க் குடும்பம் ஒரே ராத்திரியில் கடலூர் ஜில்லாவுக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆனாலும் இந்த ஆட்சேபம் என் கட்சியை முறிக்காது. ராமசாமிகள் லட்சம் பேர் இருந்த இடத்தில் வெள்ளாறு இரண்டுதான். இரண்டில் எது என்று தீர்மானிக்கக் குலதெய்வம் எந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் போதும். மனிதர்கள் ஊர் மாறுவார்கள், வருஷத்துக்கு ஒரு தரம் பொங்கல் வைக்க அய்யனாரிடம்தான் திரும்பி வருவார்கள். அய்யனாரோ பெரும்பாலும் ஏரிக்கரையையோ ஆற்றங்கரையையோ விட்டு அசைவதில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று: வரைபடத்தில் அந்த வாய்க்காலே இல்லையே! சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்களில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல். அந்த அளவில் ஆறு நீலக்கோடாகத் தெரியும்; பாட்டனாரின் வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால் தெரியவே தெரியாது. காவிரியின் கதையே அப்படித்தான். கல்லணையில் வெண்ணாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் கால்வாய்க்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, கிளைகளுக்கும் அள்ளிக் கொடுத்து, பூம்புகாரில் கடலைச் சேரும்போது அதுவே ஒரு வாய்க்கால் அகலத்தில்தான் போய்ச் சேருகிறது. அதற்கும் கீழே ஆற்றிலிருந்து நேரே பிரிவதை ஏ வாய்க்கால் என்றும், அதிலிருந்து பிரிவதை பி வாய்க்கால் என்றும், பிறகு சி, டி என்றும் பொதுப்பணித் துறைக்காரர்கள் வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே தேடுகிறவர் தாலுகா படத்தில் நின்றுவிடாமல் கிராமப் படத்துக்கும், அங்கிருந்து புலப்படத்துக்கும் இறங்க வேண்டும். இறங்கினால் அடுத்த ஏமாற்றம் காத்திருக்கிறது. ‘அ’ பதிவேட்டில் பல வாய்க்கால்களின் எதிரே ‘சர்க்கார் புறம்போக்கு, வாய்க்கால்’ என்று மட்டும் இருக்கும், பெயர் போய்விட்டிருக்கும். தாசில்தாருக்குத் தண்ணீர் சர்க்காருடையது என்பது முக்கியம், அதை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது முக்கியமில்லை. பெயர் பத்திரத்தில் இருக்கும், இடம் புலப்படத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலைதான் இந்த ஆராய்ச்சி. கொஞ்சம் சலிப்பான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தளபதி கதையில் இருக்கிற குதிரையும் வாளும் இதில் கிடையாது.

சென்னைக்காரருக்கு வாய்க்காலே மிஞ்சவில்லையே என்பீர்கள். நீர் மறைந்தாலும் பெயர் போய்விடாது. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரைப் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. அங்கே பால்கனியில் நின்றால் தெரிவது எதிர்வீட்டுத் துணிக்கொடிதான்.

நான் முழுதாகப் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. இதெல்லாம் பட்டா வைத்திருந்தவர்களுக்குச் சரி. வயலில் கூலிக்கு இறங்கினவர்களுக்குச் செக்குபந்தி ஏது? வாய்க்காலை வெட்டினவர் பெயர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? பெரும்பாலும் இல்லை. ஆனால் முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. மடை திறந்து தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டிகளுக்கும் நீர்பாய்ச்சிகளுக்கும் பல ஊர்களில் மானியம் இருந்தது. 1858-இல் அமைந்த இனாம் கமிஷனுக்குப் பிறகு எழுதப்பட்ட இனாம் பதிவேடுகளில் ஊழிய மானியங்களும் அனுபவதாரர் பெயர்களும் உண்டு. கடல் கடந்து போனவர்களுக்கு வேறு வழி. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல், அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் பதிவாயின. பட்டாதாரர்களைவிட ஒரு விதத்தில் இவர்களைப் பற்றித்தான் விவரம் அதிகம். ஊர் ‘புத்தூர்’ என்று இருந்தால்தான் தொல்லை. புத்தூர் இல்லாத ஜில்லா ஏது? ஆற்றங்கரையா, ஏரிப்பாசனமா என்ற ஒரு துணுக்கு வீட்டில் யார் ஞாபகத்திலாவது தங்கியிருந்தால், பத்துப் புத்தூர்கள் இரண்டாகக் குறையும்.

வாய்க்கால் பெயரும் மனிதர் பெயரும் ஒன்றாகச் சேர்ந்து, குறையில்லாமல் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அது பழைய சிவில் கோர்ட் தீர்ப்பு. தண்ணீர் இருந்த இடத்தில் தகராறு இருந்தது. தகராறு முற்றிய இடத்தில் மடையை இத்தனை மணிக்கு யார் அடைத்தார், வரப்பை யார் வெட்டினார் என்று வாய்க்காலின் பெயர், எல்லை, அகலம் எல்லாம் விசாரித்து எழுதினார்கள். ‘வகையறா’ என்ற சால்ஜாப்பு அங்கே செல்லாது. வாதி, பிரதிவாதி, இறந்துபோன பிரதிவாதியின் வாரிசுகள் என்று ஒவ்வொருவரையும் நம்பர் போட்டு நிறுத்தியாக வேண்டும். மைனர் பிள்ளைகளுக்குத் தாயார் கார்டியனாக நின்றால் அவள் பெயரும் ஏறிவிடும்; வீட்டு வம்சாவளியில் ‘இன்னாரின் சம்சாரம்’ என்று மட்டும் இருந்த பெண்ணுக்குச் சொந்தப் பெயர் முதல்முதலாகக் கிடைப்பது அங்கேதான். இதைவிட நல்ல வம்ச விருட்சம் எந்தப் பரம்பரைப் புலவராலும் எழுத முடியாது. குறை ஒன்றே ஒன்று. தளபதியின் நேர் வாரிசு என்று நாம் பொன்னாடை போர்த்தக் காத்திருந்தவர் அதில் இரண்டாம் பிரதிவாதியாக வருவார். ராத்திரியில் மண்வெட்டியோடு போய் அடுத்தவர் மடையை அடைத்ததாக அவர் மேல் பிராது, செலவுத்தொகையோடு டிக்ரி. குடும்பக் கூட்டத்தில் இதை வாசித்தால், முதலாம் வாதி நம்மவரா என்று இன்னொரு தரம் நன்றாகப் பார்க்கச் சொல்வார்கள்.