அவுட் ஆஃப் ஸ்டேஷன்

கைமாற்று வாங்கியவர், சீட்டுப் பணம் பாக்கி வைத்தவர், மொட்டைமாடி ஒழுகலைப் பார்க்க வருவதாகச் சொன்ன கொத்தனார் எல்லோருக்கும் ஆபத்துக்கு உதவும் ஆங்கிலம் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’. ‘வர முடியாது’ என்றால் சண்டை வரும். ‘ஊரில் இல்லை’ என்றால் ‘எப்போ வருவே?’ என்று பிடித்துக்கொள்வார்கள். இதைச் சொன்னால் மட்டும், ‘ஓ, அப்படியா, வந்ததும் கூப்பிடுங்க’ என்று மரியாதையாகப் போனை வைத்துவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. அவன் காலத்தில் அதிகாரிகளும் பட்டாளத்தாரும் குடியிருந்த இடத்துக்குத்தான் ஸ்டேஷன் என்று பெயர். ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊட்டி ஹில் ஸ்டேஷன் ஆனதும் அப்படித்தான். 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலேயே இந்தப் பொருள் ஏறிவிட்டது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். வாய்தா கேட்கிறவர்களை நிறையப் பார்த்திருப்பார். அரசு ஊழியர் இன்றைக்கும் தலைமையிடத்தை விட்டு வெளியூர் போக மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். கொத்தனாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வேப்பம்பட்டில்தான் சிக்கல். இங்கே ஸ்டேஷன் என்றால், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கிற இடம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்டார்களே, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை, அதே தடம். காலையில் பாதி ஊர் அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் ரயிலேறி நிஜமாகவே அவுட் ஆஃப் ஸ்டேஷன் ஆகிவிடும். அவர்களில் ஒருவரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்கிறவரெல்லாம் ஊருக்குள்ளேயே இருப்பவர்.

போன வாரம் கொத்தனாரைப் போனில் பிடித்தேன்.

“அவுட் ஆஃப் ஸ்டேஷன் சார். வந்தவாசில ஒரு சாவு.”

சொல்லி வாய் மூடவில்லை, அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கி அம்மையார் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தார். திருவள்ளூர் செல்லும் மின்சார ரயில் இன்னும் சற்று நேரத்தில் வருமாம். அதே அறிவிப்பு என் வீட்டு ஜன்னல் வழியாகவும் வந்தது. முடியும்வரை நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

“சிக்னல் சரியில்ல சார்” என்று வைத்துவிட்டார்.

துக்க வீட்டுக்குப் போனவரைச் சந்தேகப்படக் கூடாதுதான். ஆனால் வந்தவாசிக்கு இன்றுவரை ரயிலே கிடையாது.