சீனச் சாத்திரியார்

மூதூரை அடுத்த எங்கள் தோப்பூரிலே, வயலும் கடலுமே பிழைப்பாக அமைந்துவிட்ட காரணத்தால், காற்றையும் நீரையும் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதரைக் காண்பது துர்லபம். வாடை எப்போது திரும்பும், கச்சான் எத்தனை நாள் நின்று வீசும், வாய்க்கால் தண்ணீர் முதலில் யாருடைய வயலுக்குப் பாயவேண்டும் என்பன குறித்து ஆளுக்கொரு சாத்திரம் வைத்திருக்கிறார்கள். ஆயினும், 'காற்று, நீர்' என்பதையே தன் பெயராகக் கொண்ட பெங்சுயி என்னும் சீன வித்தையைப் புத்தகத்தில் கற்ற ஒருவர், சில வருஷம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்து பலசரக்குக் கடை திறந்த பின்னர்தான், நாங்கள் அறிந்திருந்ததெல்லாம் வெறும் அஞ்ஞானம் என்பது வெளிப்பட்டது.

இவரைத் தனி மனிதர் என்று எண்ணற்க. இக்காலத்தில் ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. லாச்சிக்கு மேலே பிள்ளையார் படம். அதன் கீழே காசைக் கவ்விக்கொண்டு உட்புறம் நோக்கும் மூன்றுகால் தவளை. நிலைக்கு மேல் எண்கோணக் கண்ணாடி. மூலையிலே 'அதிர்ஷ்ட மூங்கில்'. அது மூங்கில் குலமே அன்று, ஆபிரிக்காவில் பிறந்த வேறொரு செடி என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னபோது, "அதிர்ஷ்டத்துக்குச் சாதி ஏது தம்பி?" என்று கேட்டு என்னை வெட்கப்படுத்திவிட்டார்.

அவருடைய சாமர்த்தியம் முழுவதும் அந்தத் தொந்திக்காரச் சிரிப்புச் சாமி விஷயத்திலேதான் பிரகாசிக்கும். சேருவில விகாரைக்குப் போகும் யாத்திரிகர் எவரேனும் சோடா குடிக்க நுழைந்து, புத்த பகவானை வெங்காய மூட்டைக்கு அருகிலா வைப்பது என்று புருவத்தை உயர்த்தினால், "இவர் கௌதமர் அல்லர், பத்தாம் நூற்றாண்டிலே துணிமூட்டையோடு திரிந்த புடாய் என்ற சீனத் துறவி" என்று பவ்வியமாக விளக்குவார். வயிற்றைத் தடவத் தயங்கும் வாடிக்கையாளரிடமோ, "சாட்சாத் மைத்திரேயர், இனி வரப்போகும் புத்தர், தடவுங்கோ" என்பார். சீனர்கள் இரண்டையும் நம்புகிறவர்கள் ஆதலால், அவரைப் பொய்யர் என்று சொல்ல வழியில்லை.

சங்கடம் திசையில்தான் வந்தது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு அஞ்சிய சீனர்கள், முதுகில் மலையும் முகத்தில் தெற்குமாக வீடு கட்டினார்கள். நமக்கோ தெற்கு யமனுடைய திசை. தாயார் அழுது தடுத்தும் கேளாமல் கடைவாசலைத் தெற்கே திறந்தார். யமன் வரவில்லை; கச்சான் வந்தது. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் அரிசி மூட்டையின்மேல் விரற்கடைப் புழுதி.

அந்தத் தாயாருக்குப் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது வருஷப் பெயரும் பாடம். பத்துத் தண்டும் பன்னிரண்டு கிளையும் கூடிச் சீனர்களுக்கும் அறுபதே வருஷச் சக்கரம் என்பதை மகன் பரம ரகசியமாக எடுத்துரைத்தபோது, கிழவி, "அதைத்தானே நான் உனக்குத் தாலாட்டிலேயே சொன்னேன்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டாள். 2024 டிராகன், 2025 பாம்பு, 2026 குதிரை என்று அவர் அடுக்கியதைப் பொறுமையோடு கேட்டிருந்த அயற்கடைக் காக்கா, "அண்ணன், நெல்லு விலை கூடுறது எந்த மிருகத்தில?" என்று வினவினார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

இத்தனை தெய்வங்களையும் ஒரே லாச்சியில் கூட்டலாமா என்று கேட்டால், காலிக் கல்வெட்டைச் சாட்சிக்கு அழைப்பார். சீனக் கடற்றளபதி செங் ஹோ, பிறப்பால் முஸ்லிம். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு அவர் கொண்டுவந்த கல்லிலே சீனமொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் திருநாமத்திலும் காணிக்கை எழுதியிருக்கிறது. புத்தருக்கு மட்டும் ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி. "அரசாங்கக் கப்பலே அப்படி நடந்திருக்கையில், என் கடை எம்மாத்திரம் தம்பி?" என்பார்.

அந்தக் கல், 1911இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டபோது, ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய கடன் கொப்பியில் என் கணக்கு இரண்டு மாதமாக நிற்கிறது.