மூன்றாம் வினாத்தாள்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளி என்பது அரசாங்கக் கணக்கு. மூன்றாவது ஒன்று பெறுபேறு வந்த பிறகு வரும். அதன் பெயர் மேன்முறையீடு. எழுத வேண்டியவர்கள் பெற்றோர்.

முதல் இரண்டையும் பிள்ளைதான் எழுதுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம். படுவான்கரையில் எங்கள் வீட்டு ரீவி ஒரு வருடமாகச் சேலை போர்த்திக்கொண்டு நின்றது. கடந்தகால வினாத்தாள்கள் அத்தனையும் மனைவிக்கு மனப்பாடம். பரீட்சைக்குச் சில நாள் முன்னர், இன்று நள்ளிரவு முதல் டியூசன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாம் தடை என்று திணைக்களம் அறிவிக்கும். தேர்தல் பிரசாரத்துக்கும் இப்படித்தான் தடை போடுவார்கள். அந்த நள்ளிரவுக்கு அரை மணித்தியாலம் இருக்கும்வரை எங்கள் ஒழுங்கையில் டியூசன் நடந்தது.

ஒருநாள் மாதிரி வினாத்தாளில் ஒரு நுண்ணறிவுக் கேள்வி: தோணி, கப்பல், பஸ், மீன் – பொருந்தாதது எது? மகள் ‘பஸ்’ என்று போட்டிருந்தாள். டியூசன் சேர் சிவப்புப் பேனையால் வெட்டி ‘மீன்’ என்று எழுதியிருந்தார்.

“மற்ற மூண்டும் தண்ணியில போகும், பஸ் போகாதுதானே அப்பா?”

“மீன் வாகனமில்ல, மகள். அதுதான் விடை,” என்றாள் மனைவி.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமி தலையை நிமிர்த்தினார். “ஏன் போகாது? மாரி வெள்ளத்துக்கு பஸ்ஸும் தண்ணியிலதான வருது.”

விடையே இல்லாத கேள்வி என்று தெரிந்ததும் மகள் விளையாடப் போய்விட்டாள். நாங்கள் மூவரும் இரவுச் சாப்பாடு வரைக்கும் அதை விடவில்லை.

பெறுபேறு வந்தது. மகள் வெட்டுப்புள்ளிக்கு மேலே! கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரருக்குப் பொங்கல் வைத்தோம். பொங்கல் பானை கழுவி முடிவதற்குள் ஒரு விசயம் தெரியவந்தது: வெட்டுப்புள்ளி ஒன்றல்ல, இரண்டு. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் உதவிப்பணத்துக்குத் தகுதி. அதுவும் பெற்றோரின் வருமானம் வரம்புக்குள் இருந்தால்தான். மாதம் 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். டியூசனுக்குப் போய்வந்த ஓட்டோக் காசுக்கே அது காணாது. டவுன் பள்ளிக்கூடங்களுக்கோ ஆளுக்கொரு வெட்டுப்புள்ளி. நாங்கள் கேட்ட பள்ளிக்கு மகளுக்கு நாலு புள்ளி குறைவு.

“கல் நந்தியைப் புல்லுத் தின்ன வெச்ச சாமிக்கு நாலு புள்ளி ஒரு வேலையா?” என்று மாமி மறுகாவும் நேர்த்தி வைத்தார். மனைவிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 2024 செப்டெம்பர் பரீட்சையில் வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை ஏறி, பெறுபேறு அடுத்த ஜனவரியில் வந்தது அவளுக்கு நல்ல ஞாபகம். “அவங்க உயர் நீதிமன்றம் போனாங்க. நீங்க வலயக் கல்விக் கந்தோருக்குப் போக மாட்டீங்களா?”

எழுத உட்கார்ந்தேன். “மேற்படி விடயம் தொடர்பாகத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில்” வரை பேனை நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு காரணம் வேண்டுமே. டவுனுக்குப் போக வாவியைக் கடக்கும் கஷ்டத்தை எழுதலாம் என்றால், 2014இல் மண்முனைப் பாலத்தைத் திறந்து எங்களுடைய நல்ல நியாயமொன்றைக் கெடுத்துவிட்டார்கள். பாதைப் படகில் ஏறிக் கடந்த காலத்தில் எழுதியிருந்தாலும், அவ்வளவு கஷ்டமென்றால் பிள்ளையை ஊரிலேயே படிக்க வையுங்கள் என்பார்கள். தூரம் என்றாலும் எங்களுக்குப் பிழை, கிட்ட என்றாலும் பிழை.

அந்தப் பதிலில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் மத்திய கல்லூரிகளை ஊர்ப்புறங்களில் அமைத்து, ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கத்தான் புலமைப்பரிசில் கொடுத்தார். வந்தாறுமூலையிலும் அப்படி ஒன்று வந்தது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதே அந்த வளவில்தான். பெரிய படிப்பை ஊருக்குக் கொண்டுவரக் கண்ட பரீட்சையை, ஊரைவிட்டுப் போக நாங்கள் பிரயாண அனுமதியாகப் பாவிக்கிறோம். இதைக் கடிதத்தில் எழுதவில்லை. மனைவி வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவாள்.

மகளிடமும் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “டவுன் பள்ளியில கன்ரீன் பெரிசாமே?” என்றாள். அதையும் எழுதவில்லை.

கடைசியில் தம்பியின் படிப்பு, தாயின் பிரசர், எனது இடமாற்றம் என்று மூன்று பக்கம் நிரப்பினேன். கையெழுத்து வைக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அங்கால நின்று கூப்பிட்டார். அவருடைய பொடியன் இன்னும் நாலாம் ஆண்டு.

“தம்பி, அந்தக் கடிதத்தில ஒரு கொப்பி எங்களுக்கும் எடுங்க. புள்ளி போடுற இடத்தை மட்டும் வெறுமையா விடுங்க.”