ஆண்டியிடமே ஒரு விண்ணப்பம்

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையை "ஆண்டியாத்தான் போவே" என்று வைவது நம் வழக்கம். ஆண்டிபட்டியில் அந்த வசவுக்குச் சற்றே வீரியம் குறைவு. ஊர்ப் பெயரிலேயே ஆண்டி குடியிருக்கிறான். ஆண்டவன் தலையில் எழுதியதை அப்பா குரூப் 4 விண்ணப்பத்தில் திருத்தி எழுதுவதில் மட்டும் எந்த ஊருக்கும் விலக்கு இல்லை. அரசு வேலைதான் கரைசேர்க்கும் என்பதற்கு எதிர்சாட்சி இந்தத் தேனி மாவட்டத்திலேயே இருக்கிறது. அல்லிநகரத்துப் பாரதிராஜா சுகாதார ஆய்வாளர் வேலையை விட்டுத்தான் கோடம்பாக்கம் போனார். பண்ணைப்புரத்து இளையராஜா அண்ணனின் கச்சேரிக் குழுவோடு ஆர்மோனியமும் கையுமாக ஊர் சுற்றியவர். இவர்களோடு வடுகபட்டி வைரமுத்துவும் சேர்ந்த படம் 1980-இல் வந்த 'நிழல்கள்'. வேலை கிடைக்காத இளைஞர்களின் கதை. படம் ஓடவில்லை, பாட்டு இன்னும் தேனி பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"மூன்று பேரைக் காட்டுகிறீர், கோடம்பாக்கத்தில் தொலைந்தவர்கள் கணக்கு?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பிடிக்காத நாற்காலியில் தொலைந்தவர்களும் உண்டு. வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்து விழுவதால் அவர்களை யாரும் தேடுவதில்லை. வீட்டுக் கடனை யார் அடைப்பது என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்காக வேலைக்குப் போவதில் தப்பே இல்லை. அதன் பெயர் வட்டி, கடவுள் சித்தம் அல்ல. பழத்துக்காகப் பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு, கோவணத்தோடு மலையேறி ஆண்டியாக நின்றவன் பழனி முருகன். மகனுக்கு அடக்கமும் வி.ஏ.ஓ. வேலையும் கேட்டு அவனிடம்தான் பாதயாத்திரை போகிறோம்.