புறாவுக்குப் பயந்த கட்டடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே பழைய கட்டடம் என்றால் வாடகை மலிவான கட்டடம் என்று அர்த்தம். என் முதல் முதலாளிக்கு அந்த அர்த்தம் மிகவும் பிடித்திருந்தது. டியர்பார்ன் தெருவில், 1890-களில் எழும்பிய ஒரு பழங்கட்டடத்தின் மேல் மாடியில் எங்களைக் குடியமர்த்தினார். குளிர்காலம் முழுக்க ரேடியேட்டர் டொக் டொக்கென்று அடிக்கும். ஜன்னல் இடுக்கில் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செருகுவது எங்கள் டிசம்பர் மாத அலுவலக வேலைகளில் ஒன்று. லிஃப்ட் தளத்துக்கு அரையடி கீழேயே நின்றுவிடும். ஏறிக் குதித்துத்தான் வெளியே வரவேண்டும். புடவை கட்டி வந்த தோழி ஒருத்தி இரண்டாம் நாளே பேன்டுக்கு மாறினாள்.

இதையெல்லாம் ஊருக்கு எழுதவா முடியும்? அந்தக் காலத்தில் சிகாகோத் தமிழர்கள் வீட்டுக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் ஒரே அச்சு: கோட்டுப் போட்டு, சியர்ஸ் டவர் முன்னால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. 110 மாடி, அன்றைக்கு உலகத்திலேயே உயரம், அதற்குக் கட்டமைப்பு வகுத்தவரும் வங்காளத்துக்காரர், ஃபஸ்லுர் கான். பெருமைப்பட வேறென்ன வேண்டும்? அதன் காலடியில் நின்ற செங்கல் கிழங்களைப் படம் எடுக்க ஃபிலிம் ரோலில் இடமில்லை.

இப்போது அதே கிழங்களைப் பார்க்க டிக்கெட். வழிகாட்டி உண்டு, சட்டையில் ஒட்டிக்கொள்ள வட்ட ஸ்டிக்கர் உண்டு. போன கோடையில் திருச்சியிலிருந்து வந்திருந்த என் மச்சானுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். மச்சான் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்.

வழிகாட்டி எழுபது வயதுப் பெண்மணி. சம்பளம் வாங்காத தொண்டர். முதலில் லாசால் தெருவில் ஒரு கட்டடத்தின் முன் நிறுத்தி, "உலகின் முதல் உயரக் கட்டடம் இங்கேதான்" என்றார். எல்லோரும் அண்ணாந்தோம். "இருந்தது" என்று முடித்தார். வில்லியம் லெ பேரன் ஜென்னி 1885-இல் எழுப்பிய ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம், பத்து மாடி. பிறகு இரண்டு மாடி சேர்த்தார்கள். சுவரை மட்டும் நம்பாமல் உள்ளே இரும்புச் சட்டத்தின் மேல் பாரத்தை ஏற்றியதால் அதற்கு அந்தப் பட்டம். பாரத்தில் ஒரு பங்கைச் சுவரும் தாங்கியதே, இது எப்படி முதலாவது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்குப் பிடித்த பகுதி வேறு. 1931-இல் அதை இடிக்கும்போது ஒரு குழு போட்டு, எலும்பு எலும்பாக ஆராய்ந்து, ஆமாம் இதுதான் முதலாவது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு மிச்சத்தையும் இடித்தார்கள். அந்த இடத்தில் எழுந்த கட்டடத்தில் அதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.

சிகாகோவின் வழக்கமே இது. கட்டடக் கலைஞர்கள் ஆட்லரும் சல்லிவனும் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடத்தை 1972-இல் தரைமட்டமாக்கினார்கள். அதன் அலங்கார வேலைப்பாடுகளைக் காப்பாற்ற உள்ளே போன புகைப்படக்காரர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாட்டில் சிக்கி இறந்தார். நுழைவாயில் வளைவு இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டின் பின்பக்கம் புல்தரையில் தனியாக நிற்கிறது, எந்த வீட்டுக்கும் வாசலாக இல்லாமல். அதே இருவர் கட்டிய காரிக் தியேட்டரை 1961-இல் இடித்து அங்கே கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். நடைச் சுற்றுலாவில் பாதி நேரம், இல்லாதவற்றைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம்.

மீதிப் பாதியில் முக்கியமானது மொனாட்னாக். ஜாக்சன் பூலவார்டும் டியர்பார்னும் சந்திக்கும் மூலை. என் அலுவலகத்துக்கு நடக்கும் தூரம்தான். அந்த நாளில் அதன் ஓரமாகப் போனதெல்லாம் ஏரிக்காற்றுக்கு ஒதுங்கத்தான். பதினாறு மாடி, 1891. வடக்குப் பாதி முழுக்கச் செங்கல். பாரம் சுவரின் தலையில். அதனால் தரைமட்டத்தில் சுவரின் கனம் ஆறு அடி. கட்டடக் கலைஞர் ஜான் வெல்பார்ன் ரூட் முதலில் அலங்காரத்தோடுதான் வரைந்தாராம். பணம் போட்டவர்கள் பாஸ்டன் நகரத்து புரூக்ஸ் சகோதரர்கள். துருத்தி நிற்கும் எதுவும் கூடாது, அழுக்கு சேரும், புறாவும் குருவியும் வந்து உட்காரும் என்று அவர்கள் கட்டளை. ரூட் விடுமுறையில் போயிருந்த சமயம் பார்த்துப் தொழில் கூட்டாளி டேனியல் பர்னம் நேர்க்கோட்டுச் சுவராகவே வரையச் சொல்லிவிட்டார். திரும்பி வந்த ரூட் முணுமுணுத்தார். பிறகு அதிலேயே மனசு லயித்து, அடியில் லேசாக உள்வாங்கி உச்சியில் லேசாக வெளியே வளையும் அந்த ஒற்றை வளைவைக் கொடுத்தார். கட்டடம் முடியும் முன்பே, 1891 ஜனவரியில், நிமோனியாவில் போய்விட்டார். அன்று கஞ்சத்தனம் என்றார்கள். பிறகு வந்தவர்கள் நவீனத்தின் விதை என்று புத்தகம் போட்டார்கள்.

"புறா உட்காரும்னு சிற்பமே வேணாம்னுட்டானா?" மச்சானுக்குத் தாங்கவில்லை. "நம்ம ஊர்ல கோபுரம் கட்டினதே புறாவுக்குத்தானே மாப்பிள்ளை!"

அடுத்த அதிர்ச்சியையும் வழிகாட்டியே கொடுத்தார். சிகாகோ மண் சதுப்பான களிமண். பாறை வெகு ஆழத்தில். எனவே தண்டவாள இரும்பையும் கான்கிரீட்டையும் அடுக்கி, மிதக்கிற தெப்பம் மாதிரி ஓர் அடித்தளம். சில அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். மொனாட்னாக் சுமார் 20 அங்குலம் இறங்கியது.

"இருபது இஞ்ச் செட்டில்மென்ட்டா?" மச்சான் அந்த அம்மாவிடமே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "என் சர்வீஸ்ல ரெண்டு இஞ்சுக்கு மெமோ கொடுத்தாங்க. இங்க டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க!" என்றார்.

அதே கட்டடத்தின் தெற்குப் பாதி இரண்டே வருடம் பிந்தியது. வேறு கட்டடக் கலைஞர்கள், எஃகுச் சட்டம், மெல்லிய சுவர். நடைபாதையில் பத்து அடி நகர்ந்தால் ஒரு யுகம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம் அது. மச்சான் இரண்டு பக்கத்தையும் தட்டிப் பார்த்தார். வடக்கே கை வலித்ததாகச் சொன்னார்.

தெற்குப் பாதி முடிந்த 1893-இல்தான் சிகாகோவில் உலகக் கண்காட்சி. அதற்குக் கட்டுமானத் தலைவர் இதே பர்னம். அதையொட்டி நடந்த சர்வமத மாநாட்டில் பேச வந்த விவேகானந்தர், முன்கூட்டியே ஜூலையில் வந்து சேர்ந்து, சிகாகோச் செலவு கட்டுப்படியாகாமல் பாஸ்டன் பக்கம் போனார். அவரைக் கப்பலேற்றிய பணத்தில் பெரும்பங்கு அளசிங்கப் பெருமாள் போன்ற மதராஸ்காரர்கள் கையேந்தித் திரட்டியது. பாஸ்டன்காரர்கள் பணத்தைக் கொண்டுவந்து கொட்டிய ஊரில், மதராஸ் பணம் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செப்டம்பரில் திரும்பி வந்து பேசிய இடம் இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட். வெளியே தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சுற்றுலாவில் பார்த்த ரூக்கரி கட்டடத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்முற்றத்தைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1905-இல் வெள்ளைப் பளிங்கும் தங்கப் பூச்சுமாக மாற்றினார். எல்லோரும் அங்கே செல்ஃபி எடுத்தார்கள், நாங்களும்தான்.

ஸ்டேட் தெரு ரிலையன்ஸ் கட்டடத்தில்தான் எனக்குக் கால் ஓடவில்லை. பெயரைக் கேட்டதும் மச்சான் "அம்பானியோடதா?" என்றார். இது 1895. உரிமையாளர் வில்லியம் ஹேல் லிஃப்ட் வியாபாரி. ஊர் உயர உயர அவருக்கு லாபம். அந்த இடத்தில் முன்பு இருந்த பழைய கட்டடத்தின் மேல்மாடி வாடகைதாரர்கள் குத்தகை முடியாமல் நகர மாட்டோம் என்றார்கள். ஹேல் வழக்குப் போடவில்லை. மேல்மாடிகளை அப்படியே ஜாக்கி கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கீழே புது அஸ்திவாரமும் தரைத்தளமும் கட்டினார். குத்தகை முடிந்ததும் மேலே எஃகுச் சட்டமும் கண்ணாடியும் வெள்ளை டெரகோட்டா ஓடும். பளபளப்பான ஓடு, மழையே கழுவிவிடும் என்று நம்பினார்கள். நான் பார்த்த காலத்தில் நகரத்துப் புகையெல்லாம் படிந்து சாம்பல் நிறத்தில் நின்றது. மேல்மாடிகளில் முக்கால்வாசி இருட்டு. இடிக்கவும் செலவு, பராமரிக்கவும் செலவு என்று யாரும் தொடாமல் விட்டதில் பிழைத்தது. 1994-இல் நகராட்சி வாங்கிப் புதுப்பிக்க வழி செய்தது. 1999-இல் ஹோட்டல் ஆனது.

வரவேற்பறையில் ஓர் இரவு வாடகையை விசாரித்தேன். எண்பதுகளில் நான் குடியிருந்த அறையின் மாத வாடகையை விட அதிகம். அறைகளில் ஜன்னல் பழைய பாணியிலேயே செய்யப்பட்டது என்று சிறப்பம்சமாகச் சொன்னார்கள். இடுக்கில் செருகச் செய்தித்தாள் கொடுப்பார்களா என்று கேட்கவில்லை.

அன்று இரவே மின்னஞ்சலில் கருத்துப் படிவம் வந்தது. மச்சான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சொல்லச் சொல்ல என்னைத் தட்டச்சு செய்ய வைத்தார். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறிப்பு: வழிகாட்டி மிக நன்று. மொனாட்னாக் கட்டடத்தின் அமிழ்வை ஆண்டுதோறும் அளந்து பதிவேட்டில் ஏற்றவும். கீழே பெயர், பதவி, அடைப்புக்குறிக்குள் ஓய்வு. "நகல் ஒண்ணு மேலதிகாரிக்குப் போடுங்க மாப்பிள்ளை" என்றார்.