பச்சைப் பட்டையின் அடிமை

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கணினி விளையாட்டில், மேயராக ஆடுபவரை ஆள்பவை மூன்று பட்டைகள். பச்சை ஏறினால் வீடு வேண்டும், நீலம் ஏறினால் கடை, மஞ்சள் ஏறினால் தொழிற்சாலை. தேர்தல் கிடையாது, எதிர்க்கட்சி கிடையாது, வரியை 29 சதவீதம் வரை ஏற்றலாம். இத்தனை அதிகாரம் இருந்தும், பச்சை நிமிர்ந்ததும் மேயர் பதறியடித்து நாலு தெருவைக் குடியிருப்பாக்கிவிடுவார்.

வினையே அங்கேதான். மொத்தமாகக் குடியேறிய இளசுகள் ஏறக்குறைய ஒரே வயது. ஆகவே ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாகிறார்கள். தெரு நெடுக மண்டையோட்டுக் குறி. அமரர் ஊர்தியோ ரவுண்டானா நெரிசலில் நிற்கிறது. நாள் கடந்தும் பிணம் எடுக்காத வீட்டை மிச்சமிருப்பவர்கள் காலி செய்ய, கட்டடம் பாழாகிறது. ஆள் குறைந்ததால் கடையில் வாங்குவோர் இல்லை, ஆலையில் வேலை செய்வோர் இல்லை, அவையும் பாழ். மேயர் கண்ணில் படுவது மட்டும் பச்சைப் பட்டை மறுபடி நிமிர்ந்திருப்பது. "அடடா, நம்ம ஊருக்கு வர எவ்வளவு துடிக்கிறார்கள்!" உடனே புல்டோசர், அதே தெருவில் அடுத்த தொகுதி இளசுகள்.

இந்த விளையாட்டுக்கு மூதாதை உண்டு. மலிவு வீடு கட்டினால் நகரம் சீரழியும் என்று 1969இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் கணினி மாதிரி போட்டு ஒரு புத்தகத்தில் காட்டினார். அந்தப் புத்தகத்தில் ஊறித்தான் வில் ரைட் 1989இல் சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டைத் தந்தார். ஃபாரஸ்டரின் நகரத்துக்குப் புறநகர் கிடையாது, சாலை நெரிசலும் கிடையாது. அமரர் ஊர்தி பற்றி அவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை, புண்ணியவான்.